1274-ஆம் ஆண்டின் ஒரு வீரர்: சாமுராய்க் கவசத்தைக் கணினியில் மீட்டுருவாக்கல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு கைவேலையைப் பற்றி. கவசம் பூண்ட சாமுராய் ஒருவரை வரலாற்றுக்கு உண்மையாக, கணினியில் முப்பரிமாண உருவமாகச் செய்வது எப்படி? பிளெண்டர், இசட்பிரஷ் ஆகிய முப்பரிமாண மென்பொருள்கள் பழகிய மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஆவணங்களைப் படிக்கப் பழகியவர்களும் இருக்கிறீர்கள். இந்த வேலையை இரு சாராரில் யாரும் தனியாகச் செய்து முடிக்க முடியாது என்பதால்தான் வரலாற்றுத் துறையையும் காட்சித் தொடர்பியல் துறையையும் ஒரே அரங்கில் உட்கார வைக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மாதிரியில் எத்தனை லட்சம் பாலிகன் (உருவத்தை ஆக்கும் பலகோணத் துண்டு) இருக்கிறது, தோலின் சுருக்கம் எவ்வளவு நுணுக்கமாகத் தெரிகிறது என்பதை வைத்து அதைத் துல்லியமானது என்று சொல்லும் வழக்கம் பரவியிருக்கிறது. நுணுக்கம் வேறு, துல்லியம் வேறு. ஒரு மனிதர், ஓர் ஆண்டு, அவர் அன்று செய்த ஒரு வேலை என்ற மூன்றுக்கும் கட்டுப்பட்ட மாதிரியைத்தான் சரி என்றோ தவறு என்றோ சொல்ல முடியும். பொதுவான சாமுராய்க்கு மாதிரி செய்தால் அதைச் சரிபார்க்கவே வழியில்லை, ஏனென்றால் அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. இதை ஆறு பகுதிகளாக விளக்க முயல்கிறேன்.

1. ஆண்டைக் குறித்துவிட்டுத் தொடங்குதல்

சாமுராய் என்று நாம் ஒரே சொல்லில் அழைக்கும் போர்வீரர் வகுப்பு பத்தாம் நூற்றாண்டளவில் தலையெடுத்தது. 1876-இல் ஜப்பானிய அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தபோது அது தன் கடைசி அடையாளத்தையும் இழந்தது. இடைப்பட்ட ஒன்பது நூற்றாண்டில் கவசம் அடியோடு மாறிப்போயிற்று. தொடக்கக் காலத்துப் பெருங்கவசமான ஓ-யொரோய் சிறு செதில்களை நூலால் கோத்துச் செய்த பெட்டி போன்ற ஒன்று. குதிரை மேலிருந்து வில்லெய்பவனுக்கானது. 1543-இல் தானேகாஷிமாத் தீவின் வழியாகப் போர்த்துகீசியத் துப்பாக்கி வந்தது. அதற்கு முன்பே காலாட்போர் பெருகிக் கவசம் மாறத் தொடங்கியிருந்தது. துப்பாக்கி அந்த மாற்றத்தை விரைவுபடுத்தியது. 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கவசத்தில் பெரிய இரும்புத் தகடுகள் வந்துவிட்டன. எடையைத் தோளோடு இடுப்பும் தாங்கத் தொடங்கியது. கையையும் காலையும் முழுவதுமாக மூடினார்கள்.

இப்போது விலைக்குக் கிடைக்கும் ஆயத்த மாதிரிகளில் ஒன்றை மனத்தில் கொண்டுவாருங்கள். அகன்ற செவ்வகத் தோள்தட்டு 12-ஆம் நூற்றாண்டுக்கு உரியது. மீசை ஒட்டிய கறுப்பு முகமூடி 16-ஆம் நூற்றாண்டுப் பொருள், முதுகில் செருகிய கொடியும் அக்காலத்ததே. இடுப்புக் கச்சையில் நெட்டையும் குட்டையுமாக இரண்டு வாள் செருகுவது 16-ஆம் நூற்றாண்டுக்குப் பின் வந்த எடோ காலத்தில் நிலைபெற்ற ஒழுங்கு. நானூறு, ஐந்நூறு ஆண்டு இடைவெளியில் வாழ்ந்தவர்களின் பொருள்களை ஒரே உடம்பில் ஏற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு பொருளும் தனியே பார்த்தால் உண்மையானது. சேர்க்கை மட்டும் எங்கும் நிகழாதது.

2020-இல் வெளிவந்த 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' என்ற விளையாட்டு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதன் கதை நடப்பது 1274-இல், சுஷிமாத் தீவில், மங்கோலியப் படையெடுப்பின்போது. நாயகனின் கவசங்களும் அவன் இடுப்பில் செருகிய கட்டானா வாளும் பல நூற்றாண்டு பிந்தியவை. அழகுக்காகவும் ஆட்டத்துக்காகவும் அதைச் செய்தவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு அது. அவர்கள் வரலாற்று மாதிரி செய்வதாகச் சொல்லவில்லை, ஆகவே எனக்கு அதில் குறையில்லை. அந்த உருவங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அவற்றை ஆதாரமாக எடுத்துக்கொண்டு அடுத்த மாதிரியைச் செய்கிறதே, அதுதான் என் கவலை.

அதே 1274-ஐ நாமும் எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு நவம்பரில் ஹாக்காத்தா விரிகுடாவில் நடந்த சண்டையில் ஹிகோ மாகாணத்தைச் சேர்ந்த தக்கேஸாக்கி சுவெனாகா என்பவர் ஐந்தே குதிரைவீரர்களில் ஒருவராகப் பாய்ந்தார். ஜப்பானிய முறைப்படி எண்ணினால் அவருக்கு வயது 29. நில உரிமை வழக்கில் தோற்று, கையில் ஒன்றுமில்லாமல் நின்ற சிறு வீரர். அவர் குதிரை அடிபட்டது, அவரும் காயப்பட்டார். ஷிரொயிஷி மிச்சியாசு என்பவர் பெரும்படையோடு வந்ததால் உயிர் பிழைத்தார். முதலில் பாய்ந்ததற்குப் பரிசு வரவில்லை என்று அடுத்த ஆண்டு குதிரையையும் சேணத்தையும் விற்று வழிச்செலவு தேடிக்கொண்டு, போர்வீரர் அரசின் தலைநகரான காமாகுரா சென்றார். அங்கே அடாச்சி யாசுமோரி என்ற உயர் அதிகாரியிடம் வாதாடி நில மேலாளர் பதவியும் ஒரு குதிரையும் பெற்றுத் திரும்பினார். பிற்காலத்தில் தன் செயலைத் தானே படச்சுருளாக எழுதுவித்தார். நாம் தேடும் ஒரு மனிதரும் ஓர் ஆண்டும் ஒரு வேலையும் இங்கே கிடைத்துவிட்டன.

ஆண்டைக் குறித்தவுடன் எவ்வளவு பொருள் கழன்று விழுகிறது பாருங்கள். மீசை முகமூடி போயிற்று. அந்த இடத்தில் நெற்றியையும் கன்னத்தையும் மட்டும் மூடும் ஹப்புரி வேண்டுமானால் வரலாம். முதுகுக் கொடி போயிற்று. கச்சையில் செருகிய வாள் போய், கூர்விளிம்பு கீழ்நோக்கியிருக்கும்படி கயிற்றில் தொங்கும் டாச்சி வருகிறது. முன்தலை மழித்த குடுமியும் வேண்டாம். நீண்ட முடியைச் சேர்த்துக் கட்டி, மெல்லிய துணித் தொப்பி அணிந்து, அதன்மேல் தலைக்கவசம் வைப்பார்கள். கவசத்தின் உச்சியிலுள்ள துளை வழியாக அந்தத் தொப்பியின் நுனியை வெளியே இழுத்துவிடுவதும் உண்டு. காலில் வைக்கோல் செருப்பு இருக்காது. குதிரைவீரன் அணிவது மயிர்த்தோலால் ஆன காலணி.

2. சான்றுகளின் தரம்

முதல் சான்று மேற்சொன்ன படச்சுருள். 1293 என்ற ஆண்டு அதில் குறிக்கப்பட்டிருக்கிறது, அதாவது நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ இருபது ஆண்டு பிந்தியது. இன்று டோக்கியோவில் அரச குடும்பச் சேகரிப்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 2021-இல் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டது. களத்தில் நின்றவரே சொல்லி வரையச் செய்த படம் என்பதால் இதற்கு ஈடான சான்று அரிது. ஆனாலும் அது இடையில் சிதைந்து, தாள்கள் பிரிந்து, திரும்ப ஒட்டப்பட்டது. சுவெனாகாவின் குதிரை இரத்தம் சிந்தும் புகழ்பெற்ற காட்சியில் அவருக்கு எதிரே நிற்கும் மூன்று மங்கோலிய வீரர்கள் பிற்காலத்தில் சேர்த்து வரையப்பட்டவர்கள் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். இந்த மூவரிடம் கடைசிப் பகுதியில் திரும்பி வருகிறேன்.

இரண்டாவது, எஞ்சியிருக்கும் கவசங்கள். செட்டோ உள்கடலில் ஓமிஷிமாத் தீவிலுள்ள ஓயாமாஸுமி ஆலயம், நாராவின் கசுகா ஆலயம், டோக்கியோவின் மேற்கு மலையிலுள்ள முசாஷி மிடாக்கே ஆலயம் போன்ற இடங்களில் ஓ-யொரோய்கள் காணிக்கையாகக் கிடைத்துப் பிழைத்திருக்கின்றன. காணிக்கையாகத் தருவது எப்போதும் சிறந்த பொருளாகத்தான் இருக்கும். கசுகா ஆலயத்தின் செங்கவசம் ஒன்றில் மூங்கிலும் குருவியும் புலியுமாகப் பொன்முலாம் பூசிய உலோக வேலை நிறைந்திருக்கிறது. கண்ணைப் பறிக்கும் அந்த வேலைப்பாட்டை வழிச்செலவுக்குக் குதிரையை விற்ற சுவெனாகாவின் உடம்பில் ஏற்றினால் அது அவர் வறுமையை அழித்துவிடும். ஆலயக் கவசத்திடம் கட்டமைப்பைக் கற்றுக்கொள்ள வேண்டும். அதன் அணிகளைக் கடன் வாங்கக் கூடாது.

மூன்றாவது, எடோ காலத்து நூல்களும் கவசங்களும். நீண்ட அமைதிக்குப் பின் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பழைய பாணிக் கவசத்தின்மேல் புது ஆர்வம் பிறந்து, அதைப் பார்த்துப் பலர் புதிதாகச் செய்தார்கள். உலக அருங்காட்சியகங்களில் உள்ள பல கவசங்கள் இந்தக் காலத்தவை, அல்லது பல காலத்து உறுப்புகளை ஒன்றுசேர்த்தவை. அவற்றை ஸ்கேன் செய்து 13-ஆம் நூற்றாண்டு என்று பெயரிட்டால், பழமையைப் பற்றி எடோ காலத்தவர் கண்ட கனவைத்தான் நாம் படியெடுக்கிறோம்.

நான்காவது புகைப்படங்கள். ஃபெலிசே பியாட்டோ 1863-இல் யோகோஹாமாவுக்கு வந்து எடுத்த கவச வீரர் படங்கள் கம்பீரமானவை, கையால் வண்ணம் தீட்டியவை. அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஸ்டுடியோவில் நிறுத்தி எடுத்த படங்கள் வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்பனையாயின. மாணவர்கள் மாதிரி செய்யும்போது முதலில் மேசைமேல் விரிப்பது இந்தப் படங்களைத்தான். சுவெனாகாவுக்கு அவை ஆறு நூற்றாண்டு பிந்தியவை. இந்த வேலைக்கு அவற்றை முற்றிலும் ஒதுக்கிவைக்கலாம்.

3. கவசம் ஒரு வேலைக்காகப் பிறந்தது

இந்த உரையில் நான் அதிக நேரம் செலவிட விரும்புவது இங்கேதான்.

ஓ-யொரோய் அணிந்தவனின் முதன்மைத் தொழில் குதிரை மேலிருந்து அம்பெய்வது. வில் இடக்கையில், நாண் வலக்கையில். ஆகவே எதிரியை இடப்புறத்தில் வைத்துக்கொண்டுதான் குதிரையைச் செலுத்துவான். கவசத்தின் ஒவ்வோர் உறுப்பையும் இந்த ஏற்பாட்டை வைத்தே புரிந்துகொள்ள முடியும்.

மார்பு, இடப்பக்கம், முதுகு மூன்றையும் ஒரே துண்டு சுற்றி வளைக்கிறது. வலப்பக்கம் திறந்திருக்கிறது. அந்த இடைவெளியை வைதாத்தே என்ற தனித் தகடு மூடுகிறது. அதை முதலில் கட்டிக்கொண்டு, பிறகுதான் உடற்கவசத்தை அணிவார்கள். எதிரி பார்க்கும் இடப்பக்கத்தில் இணைப்பே இல்லை. இணைப்பு முழுவதும் வலப்பக்கத்தில். மார்பின் முன்புறத்தில் செதில்கள் வெளியே தெரிவதில்லை, ஏனென்றால் நாண் அவற்றில் சிக்கிவிடக் கூடாது என்று சித்திரம் அச்சிட்ட மான்தோலை அங்கே போர்த்தியிருக்கிறார்கள். மார்பெல்லாம் செதில் மின்னும்படி செய்யப்பட்ட ஓ-யொரோய் மாதிரியைக் காணும்போது, அதைச் செய்தவர் நாணைப் பற்றி நினைக்கவில்லை என்று தெரிந்துவிடும்.

அக்குளுக்கு மேல் இரண்டு காப்புகள் தொங்குகின்றன. வலப்புறத்து செண்டான் தட்டு சிறு செதில் வரிசைகளால் ஆனது, மடங்கும். நாணை இழுக்கும் கை அசைய வேண்டுமே. இடப்புறத்து கியூபி தட்டு ஒடுங்கிய ஒற்றை இரும்புத் தகடு, மடங்காது. வில்லை நீட்டிப் பிடிக்கும் கைக்கு அங்கே மடக்கம் தேவையில்லை, இதயத்துக்குக் காப்புதான் தேவை. தொடக்கக் காலத்தில் கைக்கவச உறையும் இடக்கைக்கு மட்டும்தான். 13-ஆம் நூற்றாண்டில் இரு கைக்கும் அணியும் வழக்கம் பரவிக்கொண்டிருந்தது.

முப்பரிமாணம் கற்கும் மாணவர் பழகும் முதல் சிக்கனம் மிர்ரர் கருவி. பாதி உடம்பைச் செய்தால் மறுபாதி தானே வந்து நிற்கும். மனித உடலுக்கு அது பொருந்தும், பிற்காலத் தகட்டுக் கவசத்துக்கும் ஓரளவு பொருந்தும். ஓ-யொரோய்க்கு அதைப் பயன்படுத்தினால் ஒரே சொடுக்கில் கவசத்தின் பொருளே அழிந்துபோகும். இருபுறமும் கியூபி, இருபுறமும் மூடிய விலா என்று வரும் உருவத்தில் ஒரு வீரனால் வில்லை வளைக்கவும் முடியாது, அந்தக் கவசத்துக்குள் நுழையவும் முடியாது. மாதிரியைத் தொடங்கும் முன் மிர்ரரை அணைத்துவிடுங்கள் என்பது நான் தரும் தொழில்நுட்ப ஆலோசனைகளில் மிக எளியது, மிகுந்த பயன் தருவதும் அதுவே.

தோள்தட்டுக்கு வருவோம். இரு கையும் வில்லுக்குப் போய்விட்டதால் குதிரைவீரனிடம் கைக்கேடயம் இல்லை. ஓ-சோதே என்ற பெரிய செவ்வகத் தோள்தட்டுகளே அவன் கேடயம். நாணை இழுக்கும்போது அவை பின்னே சரிந்து வழிவிட வேண்டும். குனியும்போது முன்னே விழுந்து கையை மறிக்கக் கூடாது. இதற்காகக் கயிறுகள் உண்டு. சில தோள்வாரில் கட்டப்படும். பின்புறக் கயிறு முதுகின் நடுவே தொங்கும் அகேமாகி என்ற பெரிய முடிச்சில் கட்டப்படும். அந்த முடிச்சை வெறும் அலங்காரக் குஞ்சம் என்று நினைத்து எங்கும் இணைக்காமல் விட்டுவிடுகிறார்கள். விளைவாக அசைவூட்டும்போது தோள்தட்டு எலும்போடு ஒட்டிய பலகையாகக் கையோடு சேர்ந்து தூக்கிக்கொள்கிறது. ரிக், அதாவது அசைவுக்கான எலும்புக்கட்டு, அமைப்பவர் முதலில் முடிச்சைச் செய்து, கயிற்றை அதில் கட்டி, தட்டைத் தொங்கவிட்டால் அசைவு தானாகச் சரியாக வரும்.

எடையும் இந்த வேலையோடு சேர்ந்ததே. தலைக்கவசம் உட்பட முழு ஓ-யொரோய் முப்பது கிலோ அளவுக்கு வரும், தோள்தான் அதைச் சுமக்கிறது. சேணத்தில் உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழுள்ள நான்கு பாவாடைத் தட்டுகளும் தொடையைச் சுற்றிப் பரவிச் சேணத்தின்மேல் படிந்து சுமையில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். தரையில் நிற்கும்போது அந்த உதவி இல்லை. அதனால் ஒன்று வலியுறுத்திச் சொல்கிறேன். கை விரித்து நிற்கும் டி-போஸில் இந்தக் கவசத்தை வடிவமைக்கக் கூடாது. சேணத்தில் அமர்ந்து, நாண் பாதி இழுத்த நிலைதான் மாதிரியின் அடிப்படை நிலை. நிற்பதும் நடப்பதும் அதிலிருந்து வரவழைக்க வேண்டியவை, கொஞ்சம் சிரமமாகவே வர வேண்டியவை.

4. செதில், அரக்கு, நூல், நிறம்

கொஸானே எனப்படும் சிறு செதில்கள் இரும்பாலும் பச்சைத் தோலாலும் ஆனவை. காக்க வேண்டிய முக்கியமான இடங்களில் இரும்பும் தோலும் மாறிமாறி வரும், மற்ற இடங்களில் தோலே போதும். எல்லாம் இரும்பானால் மனிதன் சுமக்க முடியாது. ஒரு செதில் அடுத்ததன் பாதியை மூடும்படி வரிசையாகக் கட்டி, அரக்குப் பூசி இறுக்குவார்கள். அப்படி இறுகிய வரிசைகளைப் பட்டுக் கயிற்றாலோ தோல் வாராலோ ஒன்றின்கீழ் ஒன்றாகத் தொங்கவிடுவார்கள்.

இதன் அசைவு மூங்கில் திரையின் அசைவு. மேலும் கீழுமாக மடங்கும், சுருங்கும், ஒரு வரிசை இன்னொன்றின்மேல் ஏறும். பக்கவாட்டில் மடங்கவே மடங்காது. அசைவூட்டும் கலைஞர்கள் பாவாடைத் தட்டுக்குத் துணிச் சிமுலேஷன் கொடுத்துவிடுகிறார்கள், அது காற்றில் புடவைத் தலைப்பு போல அலைகிறது. ஒவ்வொரு வரிசையையும் வளையாத தனிப் பொருளாக வைத்து, நூலை மட்டும் இழுவிசையாக அமைத்தால் போதும். கணினிக்கும் அது சுமை குறைவு. செதில்கள் ஆயிரக்கணக்கில் வருவதால் ஒவ்வொன்றையும் செதுக்கத் தேவையில்லை. நெருக்கமாகக் கோத்த கயிறு பெரும்பகுதியை மறைத்துவிடுகிறது. கண்ணில் படும் விளிம்பு வரிசைக்கு வடிவமும் மற்றதற்கு மேடுபள்ளம் போலக் காட்டும் நார்மல் மேப்பும் போதுமானவை.

அரக்கு பற்றி ஒரு கட்டாயக் குறிப்பு. இரும்புச் செதில் என்றதும் மெட்டாலிக் மதிப்பை முழுவதும் ஏற்றிவிடுகிறார்கள். ஒளி படும் மேற்பரப்பு இரும்பு அல்ல, மரப்பாலிலிருந்து வரும் அரக்கு. அது உலோகம்போல ஒளியைத் திருப்பாது. உள்ளே ஆழ்ந்த கருமையும் மேலே மெல்லிய பளபளப்புமாகத்தான் தெரியும். மெட்டாலிக் மதிப்பு அங்கே பூஜ்யம். உலோகமாகத் தெரிய வேண்டியவை பொன்முலாம் பூசிய செம்புப் பொருத்துகள் மட்டுமே. இதே பளபளப்புதான் புகைப்படங்களிலிருந்து வடிவம் எடுக்கும் ஃபோட்டோகிராமெட்ரியையும் ஏமாற்றுகிறது. கேமரா நகர நகரக் கறுப்பு அரக்கில் ஒளிப்புள்ளியும் நகர்வதால் மென்பொருள் பொய்யான பள்ளங்களை உண்டாக்கும். ஒளிமூலத்திலும் லென்ஸிலும் குறுக்காக வைத்த போலரைசர் இல்லாமல் படமெடுக்கத் தொடங்காதீர்கள். அப்படி எடுத்தாலும் கிடைப்பது நிலைப்பெட்டிமேல் சாத்திவைத்த வெற்றுக் கவசத்தின் தொய்வுதான் என்பதும் நினைவிருக்கட்டும். உள்ளே உடம்பு இல்லை.

நிறத்துக்கு முசாஷி மிடாக்கே ஆலயத்தின் செந்நூல் கவசம் நல்ல ஆசிரியர். ஹத்தகேயாமா ஷிகேதாடா என்ற வீரர் 1191-இல் காணிக்கையாக அளித்தது என்பது ஆலய மரபு. 1903-இல் அதைப் பழுதுபார்த்தபோது அறுந்த இடங்களில் வேதிச் சாயம் தோய்த்த புது நூலைக் கோத்தார்கள். நூறாண்டுக்குள் அந்தப் புது நூல் வெளிறிவிட்டது. பக்கத்திலேயே, மஞ்சிட்டி இனத்து வேரில் சாயமேற்றிய பழைய நூல் எண்ணூறு ஆண்டு தாண்டியும் சிவப்பாக நிற்கிறது. இந்தக் கவசத்தின் புகைப்படத்திலிருந்து ஐடிராப்பர் கருவியால் நிறத்தை எடுக்கும் மாணவர் 12-ஆம் நூற்றாண்டின் சிவப்பை எடுக்கிறாரா, 1903-இன் வெளிறிய சிவப்பை எடுக்கிறாரா என்பது அவர் சுட்டியை எந்த நூல்மேல் வைக்கிறார் என்பதைப் பொறுத்தது. பழமை என்றால் மங்கல் என்று நாமே முடிவு கட்டி எல்லாவற்றின்மேலும் தூசியும் துருவும் அப்புகிறோம். சுவெனாகாவுக்குத் தன் கவசம் பழம்பொருள் இல்லை, அவர் நாளில் அது புழங்கும் உடை.

புழங்கியதன் தடயம் வேறு வகையானது. சகாகிபாரா கோஸான் என்ற அறிஞர் 1800-இல் எழுதிய கவச நூலில் நெருக்கமான நூல்கோப்பின் குறைகளைச் சொல்கிறார். மழையில் நீரைக் குடித்துக் கனக்கும், விரைவில் காயாது, குளிரில் உறையும், சேறு ஏறினால் கழுவ முடியாது, நீண்ட போர்ப்பயணத்தில் நாற்றமெடுத்துப் பேனும் எறும்பும் குடியேறும். காலத்தால் பிந்தியவரானாலும் நூலின் இயல்பைப் பற்றி அவர் சொல்வதை நம்பலாம், பட்டு மாறவில்லை. நவம்பர் மாதம், கடற்கரைச் சேற்றுநிலம், இரத்தம் கொட்டும் குதிரை. இவற்றிலிருந்து அழுக்கு எங்கே சேரும் என்று கணக்கிட்டுப் பாவாடைத் தட்டின் கீழ் வரிசைகளிலும் காலணியிலும் வையுங்கள். தோள்தட்டின் உச்சியில் துரு எதற்கு?

5. உடம்பும் குதிரையும்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எலும்பு ஆய்வுகள்படி காமாகுராக் காலத்து ஜப்பானிய ஆணின் சராசரி உயரம் 160 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காமாகுராவின் ஸாய்மொக்குஸா கடற்கரைப் பகுதியில் 1953-இல் நடந்த அகழாய்வில் மனித எலும்புகளோடு ஏராளமான குதிரை எலும்புகளும் கிடைத்தன. அவற்றின் சராசரித் தோள் உயரம் 130 சென்டிமீட்டர் அளவே. நாம் மாதிரிகளில் போடும் குதிரையோ 160 சென்டிமீட்டர் உயரப் பந்தயக் குதிரை. அதன்மேல் ஆறடி ஆளை ஏற்றி, அவனுக்கேற்பக் கவசத்தைப் பெரிதாக்குகிறோம். செதிலின் அளவும் நூலின் தடிப்பும் அதோடு சேர்ந்து பெரிதாகி எல்லா விகிதமும் கெடுகிறது.

விகிதம் சரியானால் காட்சியே மாறும். சிறிய, மயிர் அடர்ந்த, உறுதியான குதிரை. அதன்மேல் அகலமான பெட்டிபோல ஒரு மனிதர். அவர் கையில் அவரைவிட உயரமான, இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட வில். அந்த வில்லை நடுவில் பிடிக்காமல் கீழ்ப்பகுதியில் பிடிப்பார்கள், அதனால்தான் குதிரையின் கழுத்தைத் தாண்டி இரு பக்கமும் திருப்ப முடியும். அங்கவடி பாதம் முழுவதையும் தாங்கும் பலகை வடிவம், அதில் ஊன்றி எழுந்து நின்று எய்வார்கள். குதிரையில் ஏறுவது வலப்பக்கத்திலிருந்து. இப்போதைய குதிரையேற்றக் காணொளியைப் பார்த்து அசைவை எடுப்பவர்கள் இடப்பக்கமாக ஏற்றிவிடுவார்கள்.

6. முடிவுகளின் பதிவேடு

இவ்வளவு கட்டுப்பாட்டுக்குப் பிறகும் நாமாக முடிவெடுக்க வேண்டிய இடங்கள் இருக்கும். சுவெனாகாவின் சொந்தக் கவசம் பிழைக்கவில்லை. வலக்கைக்கு உறை போடுவதா வேண்டாமா? உள்ளே அணியும் உடையின் துணி எது? ஓவியர் கண்ட நிறத்தை எடுப்பதா, ஆலய நூலின் நிறத்தை எடுப்பதா? எந்த முடிவானாலும் திரையில் வந்தபின் ஒரே உறுதியோடுதான் தெரியும். நூலில் எழுதும்போது 'இருக்கலாம்' என்று ஒரு சொல் சேர்த்துவிடலாம். பாலிகனில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை.

பண்பாட்டுச் சின்னங்களைக் கணினியில் காட்சிப்படுத்துவோருக்காக 2006-இல் வரையப்பட்டு 2009-இல் திருத்தப்பட்ட லண்டன் சாசனம் இந்தச் சிக்கலைத்தான் எடுத்துக்கொள்கிறது. எந்தச் சான்றிலிருந்து எந்த முடிவுக்கு வந்தோம், எதை ஏன் ஒதுக்கினோம் என்பதை மாதிரியோடு சேர்த்தே பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. அதைக் கோப்பின் ஓரத்தில் கிடக்கும் தனி ஆவணமாக வைத்தால் யாரும் திறக்க மாட்டார்கள். மாதிரியின் உறுப்புகளிலேயே எழுதிவிடலாம். ஒவ்வொரு மெஷ்ஷுக்கும் ஒரு குறிப்பு: எஞ்சிய பொருளில் கண்டது, படச்சுருளில் கண்டது, ஒப்புமையால் ஊகித்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் மூன்றும் மூன்று நிறமாகத் தெரிய வேண்டும். இது பெரிய நிரலாக்கமும் இல்லை, பிளெண்டரில் உறுப்புகளுக்குத் தனிப்பண்பு சேர்க்கத் தெரிந்தவர் ஒரு மாலையில் செய்துவிடலாம்.

அந்த மூன்று மங்கோலிய வீரர்களை இப்போது என்ன செய்வது? முழுவதும் நீக்கினால் ஒரு தரப்பு ஆய்வாளரின் முடிவை இறுதியாக்கிவிடுகிறோம். அப்படியே வைத்தால் ஐயத்தை மறைக்கிறோம். அவர்களைத் தனி அடுக்கில் செய்துவைத்து, அடுக்கின் பெயரிலேயே 'பிற்சேர்க்கை எனக் கருதப்படுவது' என்று எழுதி, பார்ப்பவர் போட்டும் அணைத்தும் பார்க்க விடுவேன். அணைத்தால் சுவெனாகாவின் எதிரிகள் தொலைவில் பின்வாங்குவதாகத் தெரியும், போட்டால் நேருக்கு நேர் மோதுவதாகத் தெரியும். போரைப் பற்றிய இரண்டு வேறு வாசிப்புகள் அவை. தாளில் பக்கம் பக்கமாக வாதிட வேண்டியதை மாணவர் தன் கையால் மாற்றிப் பார்த்து உணர்வார். கணினி மாதிரி வரலாற்றுக்குத் தரக்கூடிய உதவிகளில் இதை நான் மிகப் பெரியதாக மதிக்கிறேன்.

இந்த இரு துறைகளிலிருந்து யாரேனும் இதைச் செய்ய முன்வந்தால், முழு உருவத்தில் தொடங்க வேண்டாம். 1281-இல் இரண்டாம் படையெடுப்பின்போது சுவெனாகா தலைக்கவசம் கையில் இல்லாமல் தன் கணைக்கால் காப்புகளைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு எதிரியின் கப்பலில் ஏறியதாகச் சுருள் சொல்கிறது. உறுப்புகள் கழற்றிக் கட்டக்கூடிய தனித்தனிப் பொருள்களாக இருந்தன என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆகவே ஒரே ஒரு தோள்தட்டைச் செய்யுங்கள். ஆறேழு வரிசை, அவற்றைத் தாங்கும் நூல், மேலே கயிறுகள், முதுகில் ஒரு முடிச்சு. நாண் இழுக்கும்போது அது பின்னே சரிகிறதா, குனியும்போது முன்னே விழாமல் நிற்கிறதா என்று பாருங்கள். சரியாக வந்தபின் வலப்பக்கத்து வைதாத்தேயை எடுத்துக்கொள்ளலாம், அணியும்போதும் அதுதானே முதலில் வருகிறது.